முந்தானைக்கு ஒரு காவல்

"அடுப்படியில நிக்கிற பொம்பளைக்கு எதுக்கு அம்மிணி உடுப்பு? நீ என்ன ஆஸ்பத்திரி ஆயாவா?"

நான் முதன்முதலாக ஏப்ரன் கட்டிக்கொண்டு சமைக்க நின்ற அன்று என் மாமியார் கேட்ட கேள்வி இது. அதே மாமியார் இன்று தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறார். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது! நடுவில் நடந்ததைச் சொன்னால் சகோதரிகளுக்கு, அதிலும் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கரண்டியுமாக நிற்கும் இளம் தாய்மார்களுக்கு உபயோகப்படும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திருப்பூர். என் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கல்யாணமான புதிதில் நானும் கம்பெனிக்குப் போனவள்தான். பிசிறு வெட்டினேன், கை மடித்தேன், கடைசியில் செக்கிங் பார்த்தேன். மூத்தவன் பிறந்ததும் நின்றுவிட்டேன்.

எங்கள் ஊரில் துணிக்குப் பஞ்சமே கிடையாது. 1925 வாக்கில் இங்கே முதல் பின்னல் மெஷின் ஓட ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். 1978-ல் இத்தாலிக்காரர் ஒருவர் வந்து சட்டை வாங்கிப் போனதிலிருந்து வெளிநாட்டு ஏற்றுமதியும் சூடு பிடித்தது. கட்டிங் டேபிளில் விழுகிற துண்டுத் துணிக்கு எங்கள் ஊர்ப் பெயர் 'பனியன் வேஸ்ட்'. எங்கள் வீட்டில் தலையணைக்குள் பனியன் வேஸ்ட், கால்மிதி பனியன் வேஸ்ட், வண்டி துடைப்பதும் அதுதான். இத்தனை துணி இருந்தும், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க நான் தனியாகப் பிடிதுணி வைத்துக்கொண்டதில்லை. எல்லாவற்றுக்கும் முந்தானைதான்!

யோசித்துப் பாருங்களேன். குழந்தையின் மூக்கைத் துடைப்பது முந்தானை. ஈரக் கையைத் துடைப்பது முந்தானை. காசை முடிந்து வைப்பது, வேர்வை துடைப்பது, வாசலில் பால்காரர் வந்தால் இழுத்துப் போர்த்திக்கொள்வது, சூடான பாத்திரத்தைப் பிடிப்பது எல்லாம் அதே முந்தானை. மற்றவற்றில் நான் குறை காணவில்லை. கடைசி வேலைதான் என்னை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோனது.

2013-ம் வருஷம். தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள். முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். முன் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி, பின் அடுப்பில் பால். நான் கட்டியிருந்தது புது பாலியஸ்டர் சேலை. வீட்டு வேலைக்குத் துவைக்கச் சுலபம், இஸ்திரி வேண்டாம் என்று ஆசையாக எடுத்தது. மாமியார் இந்த மாதிரிச் சேலை எல்லாவற்றையுமே 'நைலக்ஸ்' என்றுதான் சொல்வார்.

மகளுக்கு அப்போது ஆறு வயசு. "அம்மா, பால் பொங்குது!" என்று கத்தினாள். எட்டி முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினேன். வழக்கமாகச் செய்வதுதான். இறக்கிவிட்டுத் திரும்பி நாலு முறுக்குகூடப் பிழிந்திருப்பேன். இடுப்புப் பக்கம் ஏதோ சுடுகிறதே என்று குனிந்து பார்க்கிறேன், முந்தானை எரிந்துகொண்டிருக்கிறது.

அந்த நேரத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது? புழக்கடைக்கு ஓடினேன். ஓடக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. ஓட ஓடக் காற்றில் தீ வளரும். மாமியார் பின்னாலேயே வந்து தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். உள்ளே போய் காஸை மூடியதும் அவர்தான். அதற்குள் அக்கம் பக்கத்தவர் கூடிவிட்டார்கள். ஒருவர் பல் துலக்கும் பேஸ்ட்டைப் பூசினார், ஒருவர் இங்க் கொண்டுவந்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தப் பேஸ்ட்டை வழித்து எடுத்தபோது பட்ட வேதனை, தீப்பட்டபோதுகூடப் படவில்லை.

ஒன்பது நாள் படுத்திருந்தேன். அந்த வருஷம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. காயத்துக்குக் கட்டுப் போட வந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பருத்தித் துணியும் தீப்பிடிக்கும், பிடித்தால் வேகமாகவும் எரியும். ஆனால் உருகாது, கருகிச் சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் ஏறக்குறைய 250 டிகிரி சூட்டில் உருகிவிடும். உருகி, தார் மாதிரி தோலில் ஒட்டிக்கொண்டு உள்ளே உள்ளே சுடும். இரண்டும் கலந்த துணியையும் நம்ப வேண்டாம், பருத்தி நூல் தீயைப் பிடித்து வைத்துக்கொள்ள, பாலியஸ்டர் அதிலேயே உருகும் என்றார். என் இடது விலாவிலிருந்து இடுப்பு வரை அந்தச் சேலை எழுதிவிட்டுப் போன தழும்பு இன்றும் இருக்கிறது. சித்திரை வெயிலில் அரிக்கும்.

தழும்பு எனக்கு மட்டும் விழவில்லை என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மகள் அடுப்படிக்குள்ளேயே வருவதில்லை. நான் சமைத்தால் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். 'விளையாடப் போ சாமி' என்றாலும் போக மாட்டாள். ஒரு நாள் ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"அம்மா, நான் பால் பொங்குதுன்னு கத்துனதாலதானே உனக்குத் தீப்பிடிச்சுது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! இத்தனை நாளும் அந்தப் பிஞ்சு இதை மனசில் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறதே! "இல்லை சாமி, நீ சொன்னது நல்லதுதான். அம்மா கட்டியிருந்த துணியும், அம்மாவோட கெட்ட பழக்கமுந்தான் காரணம்" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. வாயால் சொன்னால் போதாது, பழக்கத்தை மாற்றிக் காட்ட வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

செக்கிங்கில் இருந்தபோது கம்பெனியில் எங்களுக்கு ஏப்ரன் கொடுத்திருந்தார்கள். சேலை நுனி மெஷினில் சிக்கக் கூடாது, எங்கள் வேர்வை துணியில் படக் கூடாது என்று. கம்பெனிச் சரக்கைக் காப்பாற்றக் கட்டிக்கொண்டேனே, என்னைக் காப்பாற்றிக்கொள்ள வீட்டில் ஏன் கட்டவில்லை? கேட்டுப் பார்த்தால் பதில் இல்லை.

கணவர் கட்டிங் வேஸ்ட்டில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துவந்தார். ஆசையாகத் தைத்தேன். ஒரே வாரத்தில் அது முழங்காலுக்குத் தொங்கியது! சாம்பார் தெறித்தால் அப்படியே உறிஞ்சி வயிற்றில் ஒட்டிச் சுட்டது. "பின்னல் துணி இழுபடும். உனக்கு நெசவுத் துணிதான் வேணும்" என்று சிரித்தார் கட்டிங் மாஸ்டர். உள்பக்கம் பூப்பூவாக இருக்கிற ஃப்ளீஸ் துணியை இதற்குத் தொடவே கூடாது. அந்த மெல்லிய பஞ்சில் தீ சட்டென்று பரவிவிடும்.

அந்தச் சமயம் ஒரு கல்யாணத்துக்காகக் காங்கேயம், வெள்ளகோவில் வழியாகக் கரூர் போயிருந்தோம். திருப்பூருக்குப் பனியன் எப்படியோ அப்படிக் கரூருக்கு மேஜை விரிப்பு, திரை, படுக்கை விரிப்பு, சமையலறைத் துணிகள். உறவுக்கார அண்ணன் ஒருவர் வீட்டோடு தையல் யூனிட் வைத்திருக்கிறார். உள்ளே போனால் ஆள் உயரத்துக்கு ஏப்ரன் அடுக்கி இருக்கிறது! கோடு போட்டது, எலுமிச்சம்பழம் போட்டது, கூடவே சூடு தாங்கும் கையுறை.

"இதெல்லாம் எந்த ஊருக்குங் அண்ணா?"

"ஜெர்மனிக்கு அம்மிணி."

"நம்ம வீட்டுல யாராச்சும் கட்டறாங்களா?"

"நம்ம ஊர்ல யாரு கட்டறா?" என்று அண்ணனே சிரித்துவிட்டார். பக்கத்தில் இட்லி இறக்கிக்கொண்டிருந்த அண்ணி பிடித்திருந்தது, வேறென்ன, முந்தானைதான்! உலகத்து அடுப்படிக்கெல்லாம் தைத்து அனுப்புகிற ஊரிலேயே இந்தக் கதை. 1930-களின் பஞ்சத்தில் அமெரிக்கப் பெண்கள் மாவு வந்த பருத்திச் சாக்கையே பிரித்து ஏப்ரன் தைத்துக்கொண்டார்களாம். துணிக்கு நடுவில் வாழ்கிற நமக்கு என்ன கேடு?

அண்ணன் கொடுத்த ஒன்றை வைத்து நியூஸ்பேப்பரில் மாதிரி வெட்டிக்கொண்டேன். பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் நெய்கிற கனமான காடாத் துணி ஒரு மீட்டர் வாங்கித் தைத்தேன். அதைக் கட்டிக்கொண்டு நின்றபோதுதான் முதலில் சொன்ன அந்தக் கேள்வி!

மாமியாரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் உயிரைக் காப்பாற்றியவர். அவருக்கு முந்தானை என்றால் வீட்டுப் பெண்ணின் லட்சணம். அதை மூடிக் கட்டினால் என்னவோ போல் இருக்கிறது. நான் மெதுவாகக் கேட்டேன்: "ஏனுங் அத்தை, நீங்க பருத்திக் காட்டுக்குப் போறப்ப மாமாவோட பழைய சட்டையைச் சேலைக்கு மேல போட்டுட்டுப் போவீங்களே, அது எதுக்குங்?"

"செடி கீறும், வெயிலு சுடும். அது காட்டு வேலைக்கு அம்மிணி."

"இதும் வேலைதானுங் அத்தை. செடியாச்சும் கீறத்தான் செய்யும். தீ?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலைந்து நாள் கழித்துத் தகரப் பெட்டியிலிருந்து காலமான என் மாமனாரின் கதர்ச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "இதுல ஒண்ணு தெச்சுக் குடு. பையை மட்டும் எடுத்துப்போடாதே" என்றார். அந்தப் பையில்தான் மாமா எப்போதும் வெற்றிலை வைத்திருப்பாராம். முதுகுத் துணியையும் கையையும் வெட்டி எடுத்துவிட்டு, காலரோடு முன்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். வெட்டிய கைத் துணியில் இடுப்புக் கயிறு. பையை எடுக்கவில்லை. ஆனால் அதன் வாயை மூடித் தைத்தேன். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

தைக்கும் முறை

36 அங்குல அகலத் துணி ஒரு மீட்டர் போதும். காடா, டிரில், அல்லது கனமான கைத்தறிப் பருத்தி எதுவானாலும் சரி, நெருக்கமான நெசவாக இருக்கட்டும். முதலில் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு உலர்த்துங்கள். புதுப் பருத்தி சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் வருத்தப்படுவீர்கள்.

உடம்புக்கு 28 அங்குல அகலம், 34 அங்குல நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். அதை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மேல் ஓரத்தில் மடிப்பிலிருந்து 6 அங்குலத்தில் ஒரு புள்ளி. பக்க ஓரத்தில் மேலிருந்து 10 அங்குலம் கீழே ஒரு புள்ளி. இரண்டையும் உள்பக்கம் வளைத்து வெட்டினால் கை வளைவு கிடைக்கும். வளைவைக் கால் அங்குலமாக இரண்டு மடிப்பும், மற்ற ஓரங்களை அரை அங்குலமாக இரண்டு மடிப்பும் மடித்துத் தையுங்கள்.

மீதியாகும் 8 அங்குலப் பட்டையில் இரண்டரை அங்குல அகலத்தில் மூன்று நாடா வரும். இரண்டு இடுப்புக்கு. மூன்றாவதில் 24 அங்குலம் கழுத்துக்கு. அதை ஒரு பக்கம் மட்டும் தைத்து, மறுபக்கம் பெரிய பிரஸ் பட்டன் வையுங்கள். சூடான எண்ணெயோ தீயோ பட்டால் தலை வழியாகக் கழற்றிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இழுத்தால் பட்டன் விட்டுக்கொடுக்க வேண்டும். இடுப்பு முடிச்சும் அப்படியே, ஒரு நுனியை இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சாகப் போடுங்கள்.

முன்பக்கம் பை வேண்டாம். தெறிக்கிற எண்ணெய் அதற்குள் விழுந்து தங்கிச் சுடும், கரண்டிப் பிடி மாட்டிச் சட்டியைக் கவிழ்க்கும். மாமியாரின் வெற்றிலைப் பையை மூடித் தைத்தது அதனால்தான்.

கட்டிக்கொள்ளும்போது

முந்தானையைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் சொருகி, அதற்கு மேல் ஏப்ரனைக் கட்ட வேண்டும். நைட்டி அணிபவர்கள் தோளில் போடுகிற துண்டைக் கழற்றி வையுங்கள். குனிந்தால் முதலில் தீயில் விழுவது அதுதான். பாத்திரம் இறக்க நாலு மடிப்பாகத் தைத்த பிடிதுணி இரண்டு, உலர்ந்ததாக இருக்கட்டும். ஈரத் துணியில் சூடு சட்டென்று கையில் ஏறும்.

ஏப்ரன் கட்டினால் தீ அண்டாது என்று நினைத்துவிடாதீர்கள். பருத்தியும் எரியும் என்று டாக்டரம்மா சொன்னாரே. அது தொங்கும் துணியை அடக்கும், தெறிப்பைத் தாங்கும், கழற்றி எறிய ஒரு நிமிஷம் தரும். அவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஏப்ரன் இன்னும் சுலபமாகப் பற்றும். ஆகவே இரண்டு தைத்து மாற்றி மாற்றித் துவையுங்கள். சுடுநீரில் கொஞ்சம் சலவைச் சோடா போட்டு ஊற வைத்தால் பிசுக்கு விடும். பாத்ரூம் கழுவுவதற்கு ரெக்ஸின் அல்லது பிளாஸ்டிக் ஏப்ரன் தனியாக இருக்கட்டும். அதைக் கட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் வரவே கூடாது. கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒன்றாக ஊற்றிவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும்.

எங்களுக்கு அடுத்த லைன் வீட்டில், வேலைக்காக வெளியூரிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் தரையில் அடுப்பை வைத்துச் சமைப்பாள். கைக்குழந்தை வேறு தவழ்ந்து வரும். அவளுக்கு ஏப்ரன் தைத்துக் கொடுத்ததோடு, கணவரிடம் சொல்லிப் பழைய பெஞ்சு ஒன்றும் போடச் செய்தேன். ஏப்ரன் பாதி, மேடை பாதி. அடுப்பு தரையில் இருந்தால் எந்த உடுப்பும் போதாது.

அப்படியும் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். அப்படியே தரையில் படுத்து உருளுங்கள். பக்கத்தில் இருப்பவர் கம்பளியோ கனத்த பருத்திப் போர்வையோ போட்டு அமுக்கலாம். தீ அணைந்ததும் சுட்ட இடத்தில் சாதாரணக் குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் விடாமல் ஓட விடுங்கள். ஐஸ், பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குமுன் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி 108-க்குச் சொல்லுங்கள். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, தட்டால் மூடிவிட்டு விலகுங்கள்.

இனி என் மகள் கதை. புது ஏப்ரனைக் கட்டிக்கொண்ட முதல் வாரம், நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்பக்க முடிச்சைப் போட எனக்குக் கை எட்டாமல் தடுமாறிய ஒரு காலையில், தானாகவே உள்ளே வந்தாள். "நான் கட்டி விடட்டுமாம்மா?" என்று கேட்டு, ஷூ லேஸுக்குக் கற்றுக்கொண்ட முடிச்சைப் போட்டாள். இழுத்துப் பார்த்து, "இப்ப சரியா இருக்கு. இனிமே நீ பால் இறக்கு" என்றாள். அன்று முதல் தினமும் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அது அவள் வேலை. எப்போது அந்தப் பயம் போனது என்று எனக்குத் தெரியாது. பால் பொங்கினால் மறுபடி கத்த ஆரம்பித்தாள், அதுவே போதும் எனக்கு!

இப்போது அவள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். என் ஏப்ரனின் கயிற்றைக் கொஞ்சம் நீளமாக்கி, சுற்றி முன்னால் கொண்டுவந்து நானே முடிந்துகொள்கிறேன். லீவுக்கு வந்தால் மட்டும் முன்முடிச்சை அவிழ்த்துப் பின்னால் கட்டிவிடுவாள்.

ராத்திரி பாத்திரம் கழுவியதும் கழற்றி, அடுப்புக்கு எட்டாத ஆணியில் மாட்டிவிடுவேன். "அம்மாவுக்கு ஷிஃப்ட் முடிஞ்சுது" என்பான் மகன். மாமியாரின் கதர்ச் சட்டை பக்கத்து ஆணியில் தொங்கும்.

சகோதரிகளே, இந்த வாரமே ஒரு மீட்டர் காடா வாங்குங்கள். தையல் மெஷின் இல்லாவிட்டால் கையாலேயே ஓடு தையல் போடலாம். இரண்டு மத்தியான வேளை போதும். அதுவரை, அடுப்பைப் பற்றவைக்குமுன் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொள்ளுங்கள். உங்கள் குழந்தை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.